கயிலைக்குப் போட்ட திட்டம்

வெளிநாட்டுப் பிரயாணத்துக்குப் பணமும் தேக சுகமும் இருந்தால் போதும் என்று நான் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்; அது நாடுகளுக்குள் அமைதி. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. நம் அன்பர்களில் சிலருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கையில் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் கரக்பூரில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கயிலையங்கிரியைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. 2019-இல் அவர் அந்தப் பேச்சை எடுத்தபோது, "தங்கை கல்யாணம் முடியட்டும் அப்பா, அடுத்த வருஷம் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் வழி அடைபட்டது. 2022-இல் தந்தையார் காலமானார்.

கயிலை இருப்பது திபெத்தில். ஆகவே அங்கே போகும் பாதை, இந்தியாவும் சீனாவும் நட்பாக இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். 1954-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம், யாத்திரிகர்கள் வழக்கம்போல் சென்று வர இடம் கொடுத்தது. 1962-இல் அது காலாவதியாயிற்று. பிறகு 1981-இல்தான் லிபுலேக் கணவாய் வழியாக யாத்திரை மீண்டும் தொடங்கியது. 2015-இல் சிக்கிமில் உள்ள நாதுலா வழியும் திறக்கப்பட்டது. ஆனால் 2017-இல் டோக்லாம் தகராறு எழுந்தவுடன், நாதுலா வரை சென்ற யாத்திரிகர்கள் எல்லையிலிருந்தே திரும்ப நேர்ந்தது. 2020-இல் கொரோனா நோய் வந்தது. அதே ஆண்டு ஜூன் 15-இல் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தனர். அரசாங்க யாத்திரை ஐந்து ஆண்டுகள் நின்றுபோயிற்று.

2025-இல் மீண்டும் வழி திறந்தது. லிபுலேக் வழியே 50 பேர் கொண்ட ஐந்து குழுக்கள், நாதுலா வழியே பத்துக் குழுக்கள், ஆக மொத்தம் 750 பேர். வயது வரம்பு 18 முதல் 70. அம்மாவுக்கு அப்போது 66. "அப்பா பார்க்காததை நானாவது பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். உடனே விண்ணப்பம் போட்டேன். அந்த மே மாதத்திலேயே பாகிஸ்தானுடன் மோதல் மூண்டு, வட இந்தியாவில் பல விமான நிலையங்கள் சில நாட்கள் மூடப்பட்டன. வீட்டில் கவலை, ஆனால் குலுக்கலில் எங்கள் பெயர் வராமையால் அந்தக் கவலை தானே தீர்ந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேபாளம் வழியாக அழைத்துச் செல்லும் பிரயாண ஏஜெண்டு ஒருவரிடம் செப்டம்பர் மாதத்துக்குப் பணம் கட்டினேன். ஜூலை 8-இல் வந்த வெள்ளத்தில் ரசுவாகடி எல்லைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. வேறு வழி இருக்கிறது என்று சொல்லி மேலும் பணம் கேட்டார், கொடுத்தேன். காத்மாண்டுவில் விசா வாங்குவதற்காக எங்கள் பாஸ்போர்ட்டுகளை முன்னதாகப் புறப்பட்ட அன்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். நாங்கள் செப்டம்பர் 10-ஆம் தேதி ஹௌராவில் ரயிலேறி ரக்சால் வழியாகப் போவதாக ஏற்பாடு.

செப்டம்பர் 8-இல் காத்மாண்டுவில் இளைஞர் கிளர்ச்சி மூண்டது. ஒரே நாளில் பல உயிர்கள் போயின. மறுநாள் பிரதமர் ராஜிநாமாச் செய்தார்; நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது; விமான நிலையம் மூடப்பட்டது. கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே அன்று இரவு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். 2019-இல் தள்ளிப்போட்டது தவறென்று ஆறு வருஷமாக வருந்தியவன் நான். மறுபடியும் எப்படித் தள்ளிப்போடுவது?

அம்மாதான் முடிவு சொன்னார்: "அப்பர் சுவாமிகள் ஊர்ந்து ஊர்ந்து போனாரே, அவரையே பாதியில் திருப்பித் திருவையாற்றில்தானே காட்சி கொடுத்தான்? மூட்டையைப் பிரி."

ரயில் கட்டணத்தில் எங்கள் இலாகா விதிப்படி பிடித்தது போக மீதி வந்தது. ஏஜெண்டு பாதிதான் தந்தார். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அரசியல் காரணத்தால் நேரும் தடைக்குத் தாம் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்தது. காத்மாண்டுவில் அகப்பட்டுக்கொண்ட அன்பர் பத்திரமாகத் திரும்பியபோதுதான் எங்கள் பாஸ்போர்ட்டுகளும் வந்து சேர்ந்தன.

இத்தகைய யாத்திரை போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே.

முதலாவது, அரசாங்க ஊழியர்கள் வெளிநாடு செல்ல மேலதிகாரியின் அனுமதியை லீவுடன் சேர்த்தே முன்கூட்டிப் பெற வேண்டும். இரண்டாவது, பணம் கட்டுமுன் ரசீதின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவது, நேபாளம் வழியே திபெத்துக்குக் கொடுப்பது குழு விசா. ஒரே தாளில் எல்லோர் பெயரும் இருக்கும். குழுவாகப் போய்க் குழுவாகவே திரும்ப வேண்டும். நடுவில் ஒருவர் தனியே திரும்புவது எளிதன்று; ஆகவே உடன் வருகிறவர்கள் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். நான்காவது, பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று வீட்டிலும் ஒன்று பையிலும் இருக்கட்டும். நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் கையோடு வைத்திருங்கள். ஐந்தாவது, உடம்பைத் தயார் செய்யுங்கள். கயிலையைச் சுற்றி வரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். அதில் டோல்மா கணவாய் 5,630 மீட்டர் உயரம். அங்கே மூச்சு வாங்கும்போது பணமும் சிபாரிசும் உதவா.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வழி திறந்திருக்கும் ஆண்டில் வீட்டுக் காரியத்தைச் சாக்குச் சொல்லிப் பெரியவர்களை நிறுத்திவைக்காதீர்கள். வழி மூடிய ஆண்டில் அவர்களைத் துணிந்து இழுத்துச் செல்லவும் வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கரக்பூர் நிலையத்து நடைமேடை 1,072 மீட்டர் நீளம். நாள்தோறும் விடியற்காலையில் அம்மா அதில் இரண்டு முறை போய் வருகிறார். ரயில்வேக்காரன் தாயாராயிற்றே, பிளாட்பாரம் டிக்கெட் எதற்கு என்று அண்டை வீட்டார் கேட்பதுண்டு. "கயிலைக்குப் போகிறவள் கள்ளத்தனமாக நடக்கலாமா?" என்று சொல்லிவிட்டு, நாள் தவறாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்.