பனிமூட்டத் துறைமுகத்தில் ரயில் ஏறும் முன்

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஜப்பான் கடலோரக் குன்றுகளில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஊர் விளாடிவோஸ்டாக். 1860இல் ராணுவ முகாமாகத் தொடங்கிய இந்தத் துறைமுகம், சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் வெளிநாட்டவருக்கு மூடியே கிடந்தது. 1992இல்தான் கதவு திறந்தது. இப்போது சைபீரிய நெடும் ரயில்பாதையில் மாஸ்கோவுக்குப் புறப்படுபவர்கள் ஓரிரு நாள் தங்கிச் சுற்றும் இடம்.

மே கடைசியிலிருந்து ஜூலை வரை ஊரைக் கடல் மூடுபனி ஆள்கிறது. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரமான பருவக்காற்று, வடக்கிலிருந்து இறங்கும் குளிர் நீரோட்டத்தின் மேல் படும்போது நீராவி குளிர்ந்து மூட்டமாகிறது. அந்த நாட்களில் குன்றின் மேல் ஏறுவது வீண்வேலை. 1962இல் தொடங்கிய இழுவை ரயிலில் காட்சி மேடையை அடைந்தாலும், 'தங்கக் கொம்பு' விரிகுடாப் பாலத்தின் கம்பங்கள் பாதியில் கரைந்துபோயிருக்கும். 2012இல் திறந்தபோது 1,104 மீட்டர் நடுத்தாங்கலோடு கம்பிவடப் பாலங்களில் உலகின் முதலிடத்தைப் பிடித்த ருஸ்கி பாலத்துக்கும் இதே கதிதான். காட்சிக்காகவே போகிறவர்களுக்குச் செப்டம்பர் மாதம் பொருத்தம், வானம் தெளிந்திருக்கும்.

மூட்டத்தில் ரசிக்க வேண்டியது கீழே, கடல்மட்டத்தில் இருக்கிறது. டொகரெவ்ஸ்கி கலங்கரை விளக்கத்துக்குப் போகும் மணல்திட்டில் நீர் வற்றும் வேளையில் நடக்கலாம். கரையோரம், இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த எஸ்-56 நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. 1891இல் பட்டத்து இளவரசர் நிக்கலாய் இங்கே அந்த ரயில்பாதைக்கு அடிக்கல் நாட்டினார். இன்றைய கட்டடம் 1912இல் உருவானது. மாஸ்கோவின் யரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தின் சாயல் கொண்டது. நடைமேடையில் 9,288 என்று எண் பொறித்த தூண் நிற்கிறது: மாஸ்கோவிலிருந்து உள்ள தொலைவு, கிலோமீட்டரில். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். மாஸ்கோ நேரம் இங்குள்ள நேரத்தைவிட ஏழு மணி பின்தங்கியது. முன்பு நாடு முழுதும் பயணச்சீட்டில் மாஸ்கோ நேரமே அச்சாகி பலரைக் குழப்பியது. 2018 முதல் அந்தந்த ஊர் நேரம் வந்துவிட்டது.

பெட்டிதோறும் கொதிநீர்க் கலன் உண்டு. தேயிலையும் உடனடி நூடுல்ஸும் ஊரிலேயே வாங்கிக்கொள்வது மலிவு. மேற்கே போகும் ரயிலில் பைக்கால் ஏரி வலப்புறம் வரும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.