வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்பித்த விதம்

தம் பிள்ளை ஆங்கிலத்தைக் கற்றுத் தேறவேண்டும் என்று விரும்பாத பெற்றோரை நம் நாட்டிற் காண்பது அரிது. மூன்றாம் வகுப்பிலிருந்து பாடசாலையில் ஆங்கிலம் ஒரு பாடம். அது போதாதென்று மாலையிலே தனி வகுப்பு. இவ்வளவுக்கும் பின்னர், "நாலு வசனம் சேர்த்துப் பேச இவனால் முடியவில்லையே" என்று தாயார் மனம் நோவார். அதே வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டனாருக்கோ வேறொரு கவலை: "ஆங்கிலம், ஆங்கிலம் என்று ஓடி உள்ள தமிழையும் தொலைத்துவிடுவார்களோ?"

இக்கவலைகள் புதியன அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் எழுந்த ஒரு கலாசாலை இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொண்டது. அது நடைபெற்ற காலம் முப்பத்திரண்டு ஆண்டுகளே. ஆயினும் அங்கே ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை அறிவது இன்றும் நமக்குப் பயன்படும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தவை பாழடைந்து கிடந்த பழைய தேவாலயமும் அதனைச் சார்ந்த கட்டடமுமே. சமயம் பரப்புதலே அவர்களின் நோக்கம். இதனை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆனால், மேலும் அமெரிக்கர் வந்து சேர்வதை இலங்கை அரசாங்கம் விரும்பவில்லை. 1820இல் வந்த அச்சுத் தொழிலாளர் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. வெளியிலிருந்து ஆள் வாராதெனில், உள்ளூர் இளைஞரைத்தான் கற்றவராக்க வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். முதல் அதிபராக அமர்ந்தவர் டானியேல் பூவர்.

அவ்வாண்டிலேயே வெளியான கல்லூரித் திட்டத்தில் ஆங்கிலத்தை முழுமையாகக் கற்பித்தல் முதலிடம் பெற்றது. அதனை அடுத்து வந்தது தமிழிலக்கியப் பயிற்சி. தமிழிலே செய்யுள் மலிந்திருக்க, உரைநடையில் சொந்தமாக எழுதுவோர் அருகியிருப்பதைத் திட்டம் வகுத்தோர் கண்டனர். மாணவர் அதனையும் பழகவேண்டும் என்றனர். ஆங்கிலக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டுவோர் தமிழ் வசனநடையைப் பற்றிக் கவலை கொண்டது வியப்பன்றோ!

செமினரிக்கு வந்த பிள்ளைகள் எழுத்தறியாதவர்களாய் வரவில்லை. கிராமத்துப் பாடசாலையில் மணலிலே விரலால் எழுதி, ஓலையிலே எழுத்தாணி பிடித்து, தமிழ் நெடுங்கணக்கையும் எண்சுவடியையும் கற்றிருந்தனர். இத்தகைய பாடசாலைகள் பலவற்றை மிஷனரிமார் ஊரூராக நடத்தினர். அவற்றிலிருந்தும் விடுதிப் பாடசாலைகளிலிருந்தும் தேறியவர்களே செமினரியிற் சேர்ந்தனர். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாம் மொழியின் எழுத்து வெறும் புதுக்குறிகளே. எழுத்து என்றால் இன்னதென்று அவனுக்கு மறுபடியும் விளக்க வேண்டியதில்லை. தமிழெழுத்துத் திருந்துமுன்னரே குழந்தையின் கையில் ஆங்கில நூலைத் திணிக்கும் நம் காலத்துப் பெற்றோர் சற்று நின்று கவனிக்கவேண்டிய இடம் இது.

செமினரியில் ஆங்கிலம் ஒரு மணிநேரப் பாடமாக ஒதுங்கி நிற்கவில்லை. மாணவர் விடுதியிலே தங்கிப் படித்தனர். கணிதம், வானசாஸ்திரம், இயற்கைத் தத்துவம் ஆகியவற்றை ஆங்கில நூல்களைக் கொண்டு கற்றனர். ஆங்கிலத்தைப் பற்றிப் படித்தல் வேறு. ஆங்கிலத்திலே ஒன்றைப் படித்தல் வேறு. கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று அறியும் ஆவலிலே புத்தகத்தைப் புரட்டும் இளைஞனுக்கு இலக்கணவிதி தானாகவே மனத்திற் படியும். வினைச்சொற்களின் முக்காலத்தையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் மாணவனுக்கு அந்த ஆவல் எங்கிருந்து வரும்?

மற்றொரு புறம் தமிழ்ப் பாடமும் குறைவின்றி நடந்தது. இங்கே ஆசிரியரும் மாணாக்கராயினர் என்பதே நம்மை மிகவும் கவரும் செய்தி. பூவருக்குப் பின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் தமிழை ஆழ்ந்து பயின்று, சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலப்படுத்தினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. கிறிஸ்தவக் கலாசாலையின் தலைவர் மெய்கண்டார் நூலோடு பல நாள் போராடினார் எனின், அக்கலாசாலையில் தமிழ் எவ்வளவு மதிப்போடு இருந்திருக்கவேண்டும்!

படித்தவனுக்கு மேலும் படிக்க ஏதாவது கையிற் கிடைக்கவேண்டும். இல்லையேல் கற்ற எழுத்தும் துருவேறிப்போம். இதற்கு மானிப்பாய் அச்சியந்திரசாலை கைகொடுத்தது. 1841 ஜனவரி 7ஆந் திகதி 'உதயதாரகை' என்னும் பத்திரிகை மாதமிருமுறை ஏடாகத் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. அதன் பத்திராதிபர்களாகிய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியிற் பயின்ற தமிழரே. பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயரை அப்பிள்ளைகளுக்கே சூட்டுவது அக்கால வழக்கம். உதவி பெற்றதற்குப் பெயரையே விலையாகக் கொடுப்பது நமக்கு உவப்பான செய்தியன்று. ஆயினும் நடந்தது அது. மறுவருடம், 1842இல், யாழ்ப்பாண அகராதி என வழங்கும் தமிழ் அகராதி மானிப்பாயில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் நைற் என்னும் பாதிரியார் காலத்திலேயே தொடங்கிப் பலர் கைமாறி வளர்ந்த தமிழ்-ஆங்கிலச் சொற்றொகுதி, 67,000இற்கு மேற்பட்ட சொற்களுடன் வின்சுலோ அகராதியாக 1862இல் சென்னையில் நிறைவுற்றது.

இலங்கையின் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த சேர் எமர்சன் டெனன்ற் செமினரியைப் பார்வையிட்டவர். ஐரோப்பாவின் பல சர்வகலாசாலைகளோடு ஒப்பவைக்கத் தக்கது இதுவென்று 1850இல் வெளிவந்த தமது நூலிலே பாராட்டினார்.

அடுத்த ஐந்தாண்டில் கலாசாலை மூடப்பட்டது! 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் ரூபஸ் அண்டர்சன், தாய்மொழிக் கல்வியே மிஷனுக்குத் தக்கது என்னும் கொள்கையினர். ஆங்கிலம் கற்றவன் தன் கிராமத்தில் நிற்பதில்லை. இலிகிதர் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போய்விடுகிறான். இதனால் மிஷனுக்கு என்ன பயன் என்று கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தந்தைமார் பலர் உத்தியோகத்துக்காகவே பிள்ளையை அனுப்பினர் என்பதும், பட்டம் பெற்றோர் பலர் ஊர் திரும்பவில்லை என்பதும் உண்மையே.

ஆயினும், அவர்கள் போன இடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டாமா? 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. அவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. உத்தியோகத்தில் உயர்ந்த அவர், செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடியெடுத்து, தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. கணித ஆசிரியரான இவர் தமிழில் வீசகணித நூல் எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் தந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டார். ஆங்கிலம் இவர்களைத் தமிழிலிருந்து பிரித்துவிட்டது என்று எவர் கூறுவர்?

மருத்துவத்திலும் இதனையே காண்கிறோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார்; 1864 அளவில் தமிழுக்கு மாறினார். அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழாக்க, இரு மொழியும் கைவந்த உள்ளூர் அறிஞர் துணைநின்றனர். ஆங்கிலம் கற்றோர் இல்லாதிருந்தால் அத்தமிழ் மருத்துவ நூல்கள் வந்திரா.

செமினரி மூடப்பட்டபின் ஊரவரும் பழைய மாணவரும் வாளாவிருக்கவில்லை. உயர்தர ஆங்கிலக் கல்லூரி வேண்டுமென்று முயன்றனர்; 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஆறுமுகநாவலரும் அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் திறந்தார். தமிழுக்கும் சைவத்துக்குமாக 1848இல் ஒரு பள்ளியைத் தொடங்கி, வகுப்புக்கேற்பப் பாலபாடங்களை எழுதி அச்சிட்ட அவரே, சைவப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வேண்டுமெனக் கண்டார். பணமுடையால் அப்பாடசாலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. வட்டுக்கோட்டையிலோ, பிரதம நீதியரசர் ஒட்லியின் பெயர் தாங்கிய செமினரிக் காலத்து மண்டபம் யாழ்ப்பாணக் கல்லூரி வளவினுள் இன்றும் நிற்கிறது.