ஒரே ஒரு தூண்தானே!

"ஒரே ஒரு பில்லர்தானேப்பா, அதை எடுத்துட்டா ஹால் எவ்வளவு பெரிசாயிடும்!"

மணிநகரில் வசிக்கும் நம் சங்க அன்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பக்கத்து ஃப்ளாட்டையும் மகன் வாங்கிவிட்டார். நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கி, நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைக்க வேண்டும் என்பது மாமியின் நெடுநாள் ஆசை. ஆனால் கொலு வைக்கும் இடத்தில் நந்தி போல நிற்கிறது ஒரு கான்கிரீட் தூண்.

"சுவரை எடுக்கலாமா என்று இன்ஜினியரிடம் கேட்டுச் சொல்கிறேன். தூணை மட்டும் கேட்காதீர்கள் மாமா" என்றேன். அவருக்குக் கோபம். "நம்ம பையன்னு உன்கிட்ட வந்தேன் பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

அகமதாபாத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடும் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நான் இருக்கிறேன். பங்களா, ரோ-ஹவுஸ், பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிப்பது ஆகியவைதான் எங்கள் பிழைப்பு. சில வருஷங்களாகப் பழைய சொசைட்டிகளை இடித்து உயரமாகக் கட்டும் வேலையும் வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: இன்னும் கொஞ்சம் இடம். அப்படிக் கேட்டவருக்கு ஒருமுறை இடம் கொடுத்தவன் நான். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1997. வேலைக்குச் சேர்ந்த புதிது. ட்ரேஸிங் பேப்பரில் மைப்பேனாவால் வரைந்த காலம். நாலு மாடிக் கட்டடம் ஒன்று. கீழ்த்தளம் வண்டி நிறுத்த. அங்கே தூண்களுக்கு நடுவில் சில செங்கல் சுவர்கள் இருந்தன. "இன்னும் நாலு கார் நிற்கணும்" என்றார் கட்டுகிறவர். பிளேடை எடுத்து அந்தச் சுவர்களைச் சுரண்டிவிட்டேன். இன்ஜினியரிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கட்டடம் எழுந்தது, ஜனங்கள் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள்.

26.1.2001, குடியரசு தினம். காலை 8.46 மணிக்குக் கட்ச் பகுதியில் பூகம்பம். மாநிலத்தில் 13,800க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு. பூகம்ப மையம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன, எழுநூறுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை, கீழே வண்டிகளுக்காகத் திறந்து விடப்பட்டவை.

காரணம் எளிது. மேல்மாடிகளில் தூண்களுக்கு நடுவே சுவர்கள் இருப்பதால் அவை ஒரு பெட்டி போல விறைப்பாக இருக்கும். கீழே வெறும் தூண்கள். பூமி பக்கவாட்டில் ஆடும்போது மேலே உள்ள பெட்டி வளையாது. ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே வாங்கிக்கொள்ளும். தூணுக்குள் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் நெருக்கமாக இல்லாவிட்டால் கான்கிரீட் உதிர்ந்து கம்பி பிதுங்கும். ரிங் எப்படிக் கட்ட வேண்டும் என்ற இந்தியத் தர விதி 1993லேயே வந்துவிட்டது. படித்தவர்கள் எத்தனை பேர்? இப்படித் திறந்த தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்கிட வேண்டும் என்று 2002இல் திருத்திய விதி சொன்னது. ஓராண்டு தாமதம்.

அன்று மத்தியானம் அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். நின்றுகொண்டிருந்தது. ஆனால் நான் சுவர் சுரண்டிய இடத்தில் மூன்று தூண்களின் தலை வெடித்து, கம்பி வெளியே தெரிந்தது. யாருக்கும் காயமில்லை. வாசலில் பாயை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "பேட்டா, வீட்டுக்குள் எப்போது போகலாம்?" என்று கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினார்கள். இடையில் எடுத்த சுவர்களும் திரும்ப வந்தன. அந்த நாலு கார்கள் இன்றும் தெருவில்தான் நிற்கின்றன.

இந்தக் கதையை மாமா வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறு ஞாயிறு அவரைப் பழைய நகரத்து போள் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். குறுகிய சந்து, வாசலில் நம் திண்ணை போல ஓட்லா, உள்ளே முற்றம், அதன் அடியில் மழைநீர்த் தொட்டி. கூடத்தின் நடுவே மரத்தூண்கள். அதைச் சுற்றித்தான் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடின. மாமா ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். "எங்க ஊர் வீட்டிலயும் தூணைச் சுத்தித்தான் விளையாடினோம்" என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃப்ளாட் வாங்கும்போது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் மட்டும் பார்க்காதீர்கள். கட்டட உபயோக அனுமதி கிடைத்ததா, தூண், கம்பி விவரம் உள்ள வரைபடம் சொசைட்டியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மொட்டை மாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டியோ மண் நிரப்பித் தோட்டமோ வைக்குமுன் இன்ஜினியரைக் கேளுங்கள். தூணில் கம்பி துருப்பிடித்து நீளவாக்கில் விரிசல் கண்டால் பூசி மறைக்காதீர்கள். கொத்தனார் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள்!

இன்ஜினியர் சம்மதித்தபின் மாமா வீட்டுச் சுவரில் வழி விட்டோம். தூண் நின்றது. கொலுப்படிகளை இரண்டாகப் பிரித்து அதன் இருபுறமும் அமைத்தோம். நவராத்திரிக்குப் போயிருந்தேன். சுண்டல் கொடுத்த மாமி சிரித்துக்கொண்டே காட்டினார். தூணுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்.