சிறை மீண்டவரும் கிராமமும்

சிறையின் கதவு திறந்து ஒருவர் வெளியே வரும்போது நீதிமன்றம் விதித்த தண்டனை முடிவடைகிறது. ஊர் விதிக்கும் தண்டனையோ அன்றுதான் தொடங்குகிறது. கேட்ட இடத்தில் வேலை கிடைப்பதில்லை. கடன் கொடுப்பார் இல்லை. பிள்ளைகளுக்கு வரன் அமைவதும் அரிதாகிறது. இந்த இரண்டாவது தண்டனைக்குக் கால வரையறை கிடையாது. அதைக் குறைக்கும் அதிகாரம் ஊரிடமே இருக்கிறது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இதுபற்றிச் சிந்திப்பது அவசியமாகும்.

இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாக விளங்குவது நம் சீமையைச் சேர்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை. அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவிலும், இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த அவர், வக்கீல் தொழிலில் பேர் பெற்றவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர். 1908-இல் இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பெற்று, திருநெல்வேலியில் 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டார். மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்து, செக்கிழுத்து உடல் நலிந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

வெளியே வந்தவருக்கு எது மிஞ்சியிருந்தது? கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. குடும்பத்துடன் சென்னையில் குடியேறி, அரிசியும் நெய்யும் விற்றுக் காலம் தள்ளினார். பின்னர் கோயம்புத்தூரில் வங்கிப் பணி பார்த்தார். அந்த வறுமையிலும் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். பல ஆண்டுகள் சென்றபின், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியிலும், பின்பு தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் நடத்தி, 1936-இல் காலமானார்.

அவர் நாட்டுக்காகச் சிறை சென்றவர். களவுக்கோ அடிதடிக்கோ சிறை சென்றவர்களோடு அவரை ஒப்பிடுதல் தகாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வியும் புகழும் படைத்த அவருக்கே மீண்டும் தம் தொழிலில் அமரப் பல ஆண்டுகள் ஆயின என்றால், எழுத்தறியாத கூலி விவசாயியின் பாடு எத்தகையதாக இருக்கும்? அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது பெரும் பணமன்று. தொழில் செய்யும் உரிமையும், ஒருவர் முன்வந்து செய்த உதவியுமே. இவ்விரண்டையும் தத்தம் அளவில் அளிக்க எந்தக் கிராமத்தாலும் இயலும்.

சிறைக்குள் சர்க்கார் செய்வன சில உண்டு. தமிழ்நாட்டுச் சிறைகளில் நெசவு, தையல், ரொட்டி தயாரித்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. விடுதலையானவர்கள் சிறுதொழில் தொடங்குவதற்கு, விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கத்தை நாடலாம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து திரும்புகிறவர் என்ன தொழில் பழகி வந்திருக்கிறார் என்று முதலில் விசாரித்து அறிதல் நலம். வந்தவரை நோக்கி, "என்ன செய்தாய்?" என்று கேட்பவர் பலர், "என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்பவர் வேண்டும்.

விடுதலைக்கு முன்னரே ஊரின் கடமை தொடங்குகிறது. 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி கைதிகள் சில சமயங்களில் விடுப்பில் வீட்டுக்கு வரலாம். அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் கிராமத்துக்கு வந்து விசாரிப்பதுண்டு. அப்போது பஞ்சாயத்தார் பகையின் காரணமாக மிகைப்படுத்தாமலும், தாட்சண்யத்தால் மறைக்காமலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தச் சொல்லில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

அடுத்தது நிலம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் கண்ட வயல், உடையவர் சிறையிலிருக்கும்போது தரிசாகவோ பிறர் கையிலோ போய்விடுகிறது. வரப்பு நகர்கிறது; மடையில் முறைத் தண்ணீர் மறுக்கப்படுகிறது; கூட்டுறவுக் கடன் வட்டியோடு வளர்கிறது. திரும்பி வந்தவர் இவற்றுக்காகச் சச்சரவில் இறங்கினால் மறுபடியும் சிறை வாசலில்தான் நிற்பார். ஆதலால் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா, அடங்கல் விவரங்களைச் சரிபார்க்கவும், கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கேட்கவும் அங்கத்தினர் ஒருவர் உடன் செல்வது பேருதவியாகும். நிலமில்லாதவராயின் நடவுக்கும் அறுவடைக்கும் மற்றவர்களோடு அவரையும் அழைத்தாலே போதுமானது. குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்க வேண்டும். சிறையில் இருக்கும் வரையில்தான் வாக்களிக்கத் தடை என்பதையும், விடுதலையானவர் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குற்றத்தால் துன்புற்ற குடும்பமும் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருக்கிறது. கைதிகளுக்கு நியாயமான கூலி வழங்க வேண்டும் என்று 1998-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்குவதற்குச் சட்டம் செய்யும்படியும் பரிந்துரைத்தது. பழிக்குப் பழி என்னும் தீயை அறியாதது அல்ல நம் வட்டாரம். எனவே விடுதலைச் செய்தி கிடைத்தவுடன் பஞ்சாயத்தார் முதலில் செல்ல வேண்டியது பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கேயாகும். அவர்களது அச்சத்தைக் கேட்டறிய வேண்டும். மன்னிக்குமாறு வற்புறுத்தல் கூடாது. அமைதிக்கு உத்தரவாதம் அளிப்பதே ஊரின் வேலை. தேவையெனில் காவல் நிலையத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும்.

தரிசு கிடந்த நிலத்தை உழாமல் விட்டால் முள்தான் மண்டும், மனிதனும் அவ்வாறே. உழைக்க இடமும், ஊராரோடு உட்கார ஒரு திண்ணையும் கிடைத்தவர் மறுபடி தவறுவதற்குக் காரணம் குறைகிறது. சிறையிலிருந்து ஒருவர் உங்கள் ஊருக்குத் திரும்பும் நாளில், அவருக்காக வாலஸ் போல முன்வருபவர் பஞ்சாயத்தில் ஒருவராவது இருப்பாராக.