சரிந்த பின்கதவைத் திருத்துதல்

குசினிக்கும் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழி பின்கதவுதான். அது சரிந்து தாழ்ப்பாள் பொருந்தாமல் இருந்தால் வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகளில் இது இன்னும் பெரிய கவலை. பாம்பும் நாயும் உள்ளே வரும். வீட்டுத்திட்டம் கிடைக்கும் வரை இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். சரிந்த கதவு எல்லாம் மாற்றவேண்டிய கதவு அல்ல. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால், பல கதவுகளைச் சில திருகாணிகளுடனும் ஒரு துண்டுப் பலகையுடனும் திருத்திவிடலாம்.

கதவைத் தொடுவதற்கு முன்

மிதிவெடி அகற்றப்பட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள். வீட்டின் முன்பக்கம் பாதுகாப்பானது என்பதற்காகப் பின்வளவும் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது. நெடுநாள் மூடிக்கிடந்த கதவைத் தள்ளவோ உதைக்கவோ வேண்டாம். கதவிலோ வாசற்படியிலோ கம்பி, நூல், புதிதாகக் கிளறிய மண், இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிச் சென்று மற்றவர்களையும் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (119) அறிவியுங்கள்.

பழைய பங்கர்களில் உள்ள பனங்குற்றிகளையும் தகரங்களையும் கதவு வேலைக்காகக் கழற்ற வேண்டாம். அவற்றின் அடியில் வெடிபொருட்கள் புதைந்திருக்கலாம்.

வீட்டின் சேத விபரம் இன்னும் பதியப்படவில்லை என்றால், திருத்தத் தொடங்குமுன் அதைக் கிராம அலுவலருக்குக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எதனால் சரிந்தது?

கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் உள்ள பக்கத்தின் கீழ் மூலையை மெதுவாக மேலே தூக்குங்கள். வேறொருவர் பிணைச்சல்களைக் கவனிக்கட்டும்.

1. பிணைச்சல் நிலையிலிருந்து அசைந்தால், திருகாணிகள் தளர்ந்துள்ளன.
2. பிணைச்சல் அசையாமல் கதவின் மூலை மட்டும் அசைந்தால், கதவுச் சட்டங்களின் பொருத்து விட்டுப்போயுள்ளது.
3. இரண்டும் அசையாவிட்டால், நிலையே சாய்ந்திருக்கலாம். நூலில் ஒரு கல்லைக் கட்டி நிலையின் மேலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நிலையின் அடிப்பகுதியை ஒரு ஆணியால் குத்தியும் பாருங்கள். ஆணி சுலபமாக உள்ளே போனால் கறையான் அரித்திருக்கிறது அல்லது மரம் உக்கியிருக்கிறது.

திருகாணி தளர்ந்திருந்தால்

கதவின் கீழ் ஆப்பு வைத்து, அது சரியாகப் பொருந்தும் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலை மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு ஆள்மேல் விழும். பெருத்துப்போன துளைக்குள் நன்கு காய்ந்த வைரமான மரக்குச்சியைச் சீவி, பசை பூசி இறுக அடியுங்கள். வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, முன்பு இருந்ததைவிட நீளமான திருகாணியைப் பூட்டுங்கள். திருகாணிக்குப் பதிலாக ஆணி அடித்தால் சில மாதங்களில் மீண்டும் கழன்றுவிடும். கதவு பாரமானதாக இருந்தால், மேல் பிணைச்சலுக்கு ஒரு சாண் கீழே மூன்றாவது பிணைச்சல் ஒன்றும் போடுங்கள். கதவின் பாரம் மேல் பிணைச்சலையே அதிகம் இழுக்கிறது.

கதவுச் சட்டம் தளர்ந்திருந்தால்

கதவைக் கழற்றிச் சமதரையில் கிடத்தி, மூலைகளை நேராக்குங்கள். பிறகு உட்பக்கத்தில் சரிவாக ஒரு பலகை பூட்டுங்கள். பலகையின் கீழ்நுனி பிணைச்சல் பக்கத்திலும், மேல்நுனி தாழ்ப்பாள் பக்கத்திலும் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் சரியும் மூலையைப் பலகை கீழிருந்து தாங்கும். மாறி வைத்தால் பலகை தாங்காது. ஆணிகளே பாரத்தைச் சுமந்து கழன்றுவிடும்.

நிலை சாய்ந்திருந்தால் அல்லது அரிக்கப்பட்டிருந்தால்

இது தச்சரையோ மேசனையோ கூப்பிட வேண்டிய வேலை. நிலையின் அடி மட்டும் பழுதென்றால் முழு நிலையையும் மாற்றத் தேவையில்லை. பழுதான பகுதியை வெட்டி நல்ல மரத்துண்டை இணைக்கலாம். புதிய அடி மண்ணில் முட்டாமல் சீமெந்துப் படியில் நிற்கட்டும். கறையான் மருந்தையோ கழிவு எண்ணெயையோ மரத்தில் மட்டும் பூசுங்கள். நிலத்தில் ஊற்றினால் கிணற்று நீர் கெடும். சுவர் வெடித்தோ சாய்ந்தோ இருந்தால் கதவு வேலையைத் தொடங்காமல் முதலில் சுவரைக் காட்டுங்கள்.

சீவுவதற்கு அவசரப்பட வேண்டாம்

மாரி காலத்தில் மரம் ஊதும். கதவு இறுகுகிறது என்று அப்போது அதிகம் சீவினால், கோடையில் இடைவெளி விழுந்து தாழ்ப்பாள் பொருந்தாமல் போகும். பக்கங்களில் இரண்டு நாணயக் குற்றிகளைச் சேர்த்து நுழைக்கும் இடைவெளியும், கீழே அரை அங்குலமும் போதும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

கையில் பணம் குறைவாக இருந்தால் மரச்சட்டத்தில் தகரம் அடித்த கதவு போதும். இதற்கும் மேலே சொன்ன சரிவுப் பலகை தேவை. தகரத்தின் ஓரங்களை மடித்து அடியுங்கள், பிள்ளைகளின் கை வெட்டுப்படாது. திருகாணியால் பூட்டினால், பின்னர் நிரந்தர வீடு கட்டும்போது கதவையும் பிணைச்சல்களையும் கழற்றிப் பயன்படுத்தலாம். பலகைக்காக வளவிலுள்ள பனையையோ பலாவையோ தறிப்பதற்கு முன் கிராம அலுவலரிடம் கேளுங்கள். அனுமதியின்றித் தறிப்பது சட்டப்படி குற்றமாகலாம்.

தாழ்ப்பாள்

கதவு நேராக நின்ற பிறகே தாழ்ப்பாளைப் பூட்டுங்கள். உட்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போடுவது நல்லது. குசினியில் தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் இதுவே. ஆகவே திறப்பைத் தேடாமல் உள்ளிருந்து கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரவில் கதவின் முன்னால் மூட்டைகளையோ விறகையோ அடுக்காதீர்கள்.

வயோதிபர்களோ மாற்றுத்திறனாளிகளோ உள்ள குடும்பங்களும், தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரும், வேலைக்கு ஆள் இல்லையென்றால் எமது வெளிக்கள உத்தியோகத்தரிடம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் தெரிவியுங்கள். அயலவர் இரண்டு பேர் கைகொடுத்தால், கதவைத் தூக்கிப் பிடிக்கும் பாரமான பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும்.