கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்கு என்ன கவசம்?

அணுசக்தி நகர்:

கிரிக்கெட் ஆடப் போகும் பையனுக்குக் காலுக்குப் பேடு, கைக்குக் கிளவுஸ், தலைக்கு ஹெல்மெட் என்று கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுக்கிறோம். கூடைப்பந்து ஆடப் போகும் பெண்ணுக்கு? ஒரு பனியன், ஒரு அரைக்கால் சட்டை, ஒரு ஜோடி ஷூ. அவ்வளவுதான்!

கூடைப்பந்து அடிபடாத ஆட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைப்பதற்குக் காரணமும் உண்டு.

1891-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியதே முட்டல் மோதலைக் குறைக்கத்தான். பந்தோடு ஓடக் கூடாது, ஆளைத் தள்ளக் கூடாது, கூடை 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்தார். அதே நெய்ஸ்மித், அமெரிக்கக் கால்பந்து ஆடிய நாளில் காது நசுங்காமலிருக்கத் தலையில் கவசம் கட்டிக்கொண்டவர் என்று சொல்வார்கள். கவசம் கட்டி அலுத்துப் போய்த்தான் கவசம் வேண்டாத ஆட்டத்தைத் தேடினாரோ என்னவோ!

இன்றைய ஆட்டம் அப்படி இல்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்துக்குள் பத்துப் பேர் பாய்கிறார்கள். கூடைக்கு அடியில் முழங்கையும் முகமும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது மரத் தரையில் அல்ல, சிமெண்டுத் தரையில்.

நம் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் இதைச் சொல்ல முடியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பாதையில் போக நினைக்கும் பெண்ணுக்கு முட்டி போனால் பாதையே போன மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கமான 'ஃபீபா'வின் விதியில் கவசத்துக்கு ஒரே அளவுகோல்தான். அது எதிராளியைக் காயப்படுத்தக் கூடாது.

விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றில் தோல், பிளாஸ்டிக், உலோகக் கவசம் கூடாது. மேலே பஞ்சு சுற்றியிருந்தாலும் கூடாது. தோள், தொடை, கெண்டைக்காலில் போதிய மெத்தை வைத்த கவசம் அணியலாம். மூக்கு உடைந்தவர் கெட்டியான முகமூடியே போடலாம். அமெரிக்காவின் ரிச்சர்டு ஹாமில்டன் அப்படிக் கண்ணாடி போன்ற முகமூடியோடு ஆண்டுக்கணக்கில் ஆடினார். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்றுகூட விதியில் இருக்கிறது.

இந்த அளவுகோலால் நம் நாட்டுக்கு ஒரு வேதனையும் நேர்ந்தது. 2014-ல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில், சீக்கிய வீரர்களான அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் இருவரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டியதாயிற்று. எதிர்ப்பு கிளம்பி, 2017-ல் விதி மாறியது.

டி.வி.யில் பார்த்துவிட்டுப் பையன்கள் கையில் நீளமான உறை மாட்டிக்கொள்கிறார்கள் அல்லவா? அதைப் பிரபலமாக்கியவர் ஆலன் ஐவர்சன். அவர் 2001-ல் முழங்கை வீக்கத்துக்காகப் போட்டார். வீக்கம் இல்லாத பையனுக்கு அது வெறும் அலங்காரம்தான்.

முட்டி உறை

தோபி தலாவ் விளையாட்டுக் கடைகளில் 'நீ-கேப்' என்று கேட்டால் வெறும் எலாஸ்டிக் உறையை எடுத்துப் போடுவார்கள். அது முட்டிக்குச் சூடு கொடுக்கும், தைரியம் கொடுக்கும். கீழே விழுந்தால் காக்காது. முட்டிச் சில்லுக்கு நேராகத் தடித்த ஃபோம் வைத்த உறையைக் கேட்டு வாங்க வேண்டும். போட்டபின் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். மாட்டிக்கொண்டு கடையிலேயே நாலு முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். மும்பை மழைக்காலத்தில் தினமும் துவைத்துக் காயப்போடாவிட்டால் படை வந்து சேரும்.

ஆனால் ஒன்று. இந்த மெத்தை சிராய்ப்பையும் சில்லில் படும் அடியையும்தான் தடுக்கும். முட்டி திருகிக்கொண்டு உள்ளே ஜவ்வு கிழிவதைத் தடுக்காது. ஆளே மோதாமல், குதித்து இறங்கும்போதே அது கிழிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஆண் பிள்ளைகளைவிட அதிகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். ஆகவே உறை போட்டிருக்கிறாளே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முட்டியை மடக்கி, இரண்டு காலிலும் மெத்தென்று இறங்கக் கற்றுத் தருகிறாரா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். கணுக்கால் சுளுக்குதான் இந்த ஆட்டத்தில் அதிகம் வருகிற காயம். அதற்கும் மெத்தையால் பயன் இல்லை. ஒருமுறை சுளுக்கிய காலுக்குக் கயிறு கட்டும் பட்டை உதவும்.

நம்மவர்கள் கண்டுகொள்ளாத கவசம் ஒன்று உண்டு. பல்லுக்குப் போடும் வாய்க் கவசம்! அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் கூடைப்பந்துக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. வெந்நீரில் முக்கி, கடித்து, நம் பல்லுக்கேற்ப வார்த்துக்கொள்ளும் வகை விலை மலிவு. நிறமில்லாமல் கண்ணாடி போல இருந்தால் போட்டியிலும் தடை இல்லை. என்னைக் கேட்டால் முதலில் இதை வாங்கிவிட்டு அப்புறம் முட்டி உறைக்குப் போகலாம்.

முளைத்த நிலைப்பல் தெறித்து விழுந்தால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். ஒரு தம்ளர் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடினால் திரும்பப் பதிய வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது வேண்டாம்.

கம்பத்துக்கும் கவசம்

பிள்ளைக்கு மட்டுமல்ல, கூடை நிற்கும் கம்பத்துக்கும் மெத்தை சுற்ற வேண்டும். தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரம் வரை என்பது விதி. மைதானத்தில் வெறும் இரும்பு நின்றால், பழைய மெத்தையையாவது கயிறு போட்டுக் கட்டலாம்.

கட்டுவதற்கு முன்னால் கம்பத்தின் அடியைப் பாருங்கள். 2025 நவம்பரில் ஹரியானாவில் பகதூர்கரிலும், ரோதக் மாவட்டம் லாகன் மாஜ்ராவிலும் கூடைக் கம்பம் சாய்ந்து விழுந்து, அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பையன்கள் உயிரிழந்தார்கள். ஒருவனுக்கு வயது 15, மற்றவனுக்கு 16. அடியில் துருப்பிடித்து ஆடுகிற கம்பமானால், அது மாற்றப்படும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.