உஷார்! மான் படம் போட்ட விதை மூட்டையைப் பிரிக்கும் முன்…

ஜூலை பிறந்ததும் அயோவா, மிசௌரி, விஸ்கான்சின் பக்கத்துக் கடைகளில் மூட்டை மூட்டையாக ஒரு சரக்கு வந்து இறங்கும். முன்பக்கத்தில் கொம்பு விரித்து நிற்கும் வெள்ளைவால் மானின் படம், உள்ளே கிளவர், சிக்கரி, டர்னிப், ஓட்ஸ் என்று கலந்து கட்டிய விதை. மானுக்கென்றே தீவனம் விதைத்துவிடும் இந்த நிலத்துண்டை அங்கே ‘ஃபுட் பிளாட்’ என்கிறார்கள். ஆகஸ்டில் விதைத்தால் வேட்டைப் பருவத்தில் மான் தானாக வந்து மேயும். அங்கே நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்களும், வாங்க நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். படத்தைப் பார்த்து மூட்டை வாங்காதீர்கள். கலவை விதையோடு என்ன வருகிறது என்பதை அயோவா மாநிலம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது.

பால்மர் அமராந்த் என்றொரு களை. நம் தண்டுக்கீரை, முள்ளுக்கீரையின் இனம்தான். கீரைதானே என்று நினைத்துவிட வேண்டாம். தென்மேற்கு அமெரிக்காவிலும் வட மெக்சிகோவிலும் தோன்றிய இந்தச் செடி, கோடை வெயிலில் ஒரே நாளில் இரண்டு மூன்று அங்குலம் வளரும். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். போட்டியில்லாத இடத்தில் ஒரே பெண் செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். விவசாயிகள் பெரிதும் நம்பியிருந்த கிளைஃபோசேட் களைக்கொல்லிக்கு இது கட்டுப்படவில்லை என்பது ஜார்ஜியா பருத்திக் காடுகளில் 2005வாக்கில் உறுதியானது. அதன்பின் அங்கே பல பண்ணைகளில் கூலிக்கு ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று.

அயோவாவில் இதை முதலில் கண்டது 2013ல், ஏதோ ஓரிரு இடங்களில். 2016ல் நிலைமை தலைகீழானது. தேனீக்கும் பறவைக்கும் உதவட்டும் என்று அரசுத் திட்டத்தின் கீழ் விவசாயிகள் தங்கள் நிலத்தில் பூச்செடியும் புல்லும் விதைத்த வருடம் அது. ஒரே சமயத்தில் எல்லோரும் விதை கேட்க, உள்ளூர்ச் சரக்கு போதாமல் வெளி மாநிலத்து விதை வந்து சேர்ந்தது. அதில் ஒட்டிக்கொண்டு வந்தது பால்மர். மாநிலத்தின் கவுண்டி கவுண்டியாக, புதிதாய் விதைத்த நிலங்களிலேயே அது தலைகாட்டியது. மறு ஆண்டே அயோவா அதைத் தீய களைப் பட்டியலில் சேர்த்தது. நல்லது செய்யப்போன விவசாயி, காசு கொடுத்து, தன் கையாலேயே தன் வயலில் விதைத்த விஷம் இது.

மான் தீவனத்துக்கும் இதே வழி திறந்துதான் கிடக்கிறது. கம்பு, சிறுதானிய வகைகள், சோளம், சூரியகாந்தி எல்லாம் பால்மர் வேரூன்றிய வட்டாரங்களிலும் விளைகின்றன. அமராந்த் விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கன்னங்கரேலென்று இருக்கும். பால்மர் எது, சாதாரணக் களைக்கீரை எது என்று விதையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, மரபணுச் சோதனைதான் சொல்லும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆகஸ்டில் விதைத்த மூட்டையில் அது கலந்திருந்தால் பெரும்பாலும் மறு வருடக் கோடையில்தான் எழும்பும். அதற்குள் மூட்டையைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆதாரம் கையில் இருக்காது.

இதைவிட மோசமான காரியம் ஒன்றையும் பலர் செய்கிறார்கள். செலவு மிச்சம் என்று பறவைத் தீவனப் பையையோ கால்நடைத் தீவனத் தானியத்தையோ வாங்கிக் கொட்டி விதைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீவனமாக விற்கும் பொருளுக்கு, விதைக்குரிய சீட்டும் சோதனையும் கிடையாது. மிசௌரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 98 பறவைத் தீவனப் பைகளைப் பிரித்துப் பார்த்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், 94 பைகளில் அமராந்த் இன விதைகள் இருந்தன. இதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

ஆகவே மூட்டையை முதலில் திருப்புங்கள். பின்பக்கத்திலோ தையலிலோ சிறிய எழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். 1939ல் வந்த கூட்டாட்சி விதைச் சட்டமும் மாநிலச் சட்டங்களும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இன்ன பயிர், எத்தனை சதவீதம் சுத்த விதை, எவ்வளவு பிற பயிர் விதை, எவ்வளவு களை விதை, எவ்வளவு தூசி தும்பு, முளைப்புத்திறன் என்ன, சோதித்த மாதம் எது, எல்லாம் அதில் இருக்கும். நம் ஊர் விவசாயி சான்று விதைக்கு நீல அட்டையைத் தேடுவார் அல்லவா, அங்கேயும் சான்று விதைக்கு நீல அட்டைதான். கலவை மூட்டைகளில் அது அரிது. அதனால் சீட்டை வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. தீய களை என்ற வரியில் ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் இருந்தாலும் மூட்டையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். களை விதை வரியில் சதவீதம் சிறியதாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். இத்தனை பொடியான விதையில் அரை சதவீதம் என்பதே ஆயிரக்கணக்கான செடி. அமராந்துக்குத் தனியாகச் சோதித்தீர்களா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். சோதனை அறிக்கையைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

பணம் பறிபோகும் வழியும் அதே சீட்டில்தான் தெரியும். கிளவர் விதைக்கு மேல்பூச்சு கொடுத்து விற்பார்கள். அந்தப் பூச்சு எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில மூட்டைகளில் பாதி கூட இருக்கும். சுத்த விதை 49 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று சீட்டில் இருந்தால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 39 சதவீதம்தான் உயிருள்ள விதை. பத்து பவுண்டு மூட்டைக்குக் காசு கொடுத்து, முளைக்கும் விதை நான்கு பவுண்டு கூட வாங்கவில்லை என்று அர்த்தம். பூச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் வேர்முடிச்சுப் பாக்டீரியா இருந்தால் பயறு இனத்துக்கு நல்லதுதான். ஆனால் விலையைக் கணக்கிடும்போது உயிருள்ள விதைக்கு மட்டும் கணக்கிடுங்கள்.

கலவையில் ஒருபருவ ரைகிராஸ் பெரும் பங்கு இருந்தாலும் கவனம். விலை குறைவு, சீக்கிரம் முளைக்கும், பத்து நாளில் நிலம் பச்சைப் பசேலென்று தெரியும். வாங்கியவர் மகிழ்ந்துவிடுவார். மானுக்கு அதைவிட ஓட்ஸும் கிளவரும்தான் பிடிக்கும். விட்டால் ரைகிராஸ் தானே விதை உதிர்த்துக் களையாகிவிடும், கிளைஃபோசேட்டுக்குக் கட்டுப்படாத ரைகிராஸ் மிசிசிப்பியில் ஏற்கெனவே இருக்கிறது. ‘கென்டக்கி 31’ ஃபெஸ்க்யூ புல்லும் வேண்டாம். அதனுள் வாழும் பூஞ்சை நச்சு சுரக்கிறது, மான் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

வனவிலங்குக்கு உகந்தது என்று யாரோ சொன்னதற்காக எதையும் நட வேண்டாம். செரீசியா லெஸ்பிடிசா ஒரு காலத்தில் மண்ணரிப்பைத் தடுக்கும், பறவைக்கு மறைவிடம் தரும் என்று ஊக்குவித்து நடப்பட்ட செடி. 2000ல் கன்சாஸ் அதை மாநிலம் முழுவதற்கும் தீய களையாக அறிவித்தது.

என்னைக் கேட்டால் கலவையே வேண்டாம். ஓட்ஸ், கிளவர், ரை தானியம் மூன்றையும் தனித்தனியாக, ரகப் பெயர் சீட்டில் அச்சிட்ட மூட்டையாக, வட்டாரத்து நம்பகமான விதைக் கடையில் வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். தெற்கு மாநிலங்களில் கோடைக்கு நம் தட்டைப்பயறும் மொச்சையும் மானுக்கு விதைக்கிறார்கள், அவையும் தனி மூட்டையாகவே கிடைக்கும். சீட்டைக் கிழித்தெறியாமல் ஒரு கைப்பிடி விதையோடு உறையில் போட்டு, வாங்கிய ரசீதுடன் இரண்டு வருடமாவது பத்திரப்படுத்துங்கள்.

விதைத்த பின் மறு வருட ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை நிலத்தைச் சுற்றி வாருங்கள். ரோமமே இல்லாத மழுமழுவென்ற தண்டு, இலையை விட நீளமான இலைக்காம்பு, உச்சியில் ஒரு முழத்துக்கு நீண்டு, தொட்டால் குத்தும் கதிர் என்று தெரிந்தால் அது பால்மராக இருக்கலாம். வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும், வேரோடு பிடுங்குங்கள். கதிரில் விதை வந்திருந்தால் நிலத்தில் இழுத்துச் செல்லாமல், நின்ற இடத்திலேயே பையில் கட்டுங்கள். அந்த நிலத்தில் ஓடிய டிராக்டரையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் கழுவாமல் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். படம் எடுத்து அன்றே கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். உறையில் வைத்திருந்த சீட்டையும் விதையையும் அவர்களிடம் கொடுங்கள். சீட்டில் உள்ள அதே லாட் எண்ணில் இன்னும் எத்தனை மூட்டை விற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் பிடிக்க முடியும்.